வெயில் கூடியதாலா உண்ணி கூடியது? கொக்கட்டிச்சோலைப் பண்ணையாளர் ஒருவரின் கேள்விக்கு

மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் முப்பது மாடு வைத்திருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "இரண்டு மூன்று வருடமாக மாடுகளில் உண்ணி அப்பிக்கொண்டு கிடக்கிறது. அப்பா காலத்தில் இப்படி இருந்ததில்லை. வெயில் கூடிப்போனதால்தான் என்கிறார்கள், உண்மையா? போன மாதம் மகளின் காதுக்குள் இருந்து ஒரு உண்ணியை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார்கள், இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. உண்ணிக்காய்ச்சல் வருமா? இதையெல்லாம் யாராவது கணக்கெடுக்கிறார்களா?"

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆனால் அவருடைய மனதில் ஓடுவது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: 'கூடிவிட்டது என்று நான் நினைப்பது சரியா? சரியென்றால் எதற்குப் பயப்பட வேண்டும்?' நான் மிருக வைத்தியன். இருபத்தேழு வருடம் படுவான்கரையிலும் பிறகு அம்பாறைக் கரையோரத்திலும் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மாட்டையும் நாயையும் பற்றித் துணிந்து பேசுவேன். மனிதருக்கு வரும் காய்ச்சலைப் பற்றி நான் சொல்வது படித்தும், கூட இருந்த டொக்டர்மாரிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. அதை வைத்துக்கொண்டு பாமசிக்குப் போய் மருந்து வாங்கிவிடாதீர்கள்.

முதலில் மகளைப் பற்றி. காதுக்குள் உண்ணி போவது எங்கள் பகுதியில் புதினமான சங்கதி இல்லை. உலர் வலயத்தின் காட்டோர ஊர்களில், முக்கியமாகச் சின்னப்பிள்ளைகளின் காதில் இருந்து, உண்ணி எடுப்பது ஆஸ்பத்திரிக்காரருக்குப் பழகிப்போன வேலை. இலங்கையில் அப்படி எடுத்து இனங்கண்டவற்றில் அடிக்கடி அகப்பட்டவை டெர்மசென்டர் ஔராட்டஸ், அம்ப்ளியோமா இன்டெக்ரம் என்ற இரண்டு காட்டு உண்ணிகளின் இளம்பருவம். முதலாவது காட்டுப்பன்றியோடு திரிவது. உங்கள் மாடுகளில் அப்பியிருப்பது பெரும்பாலும் வேறு சாதி, ரைபிசெபாலஸ் மைக்ரோபிளஸ். இரண்டுக்கும் பழக்கவழக்கமே வேறு. மாட்டு உண்ணி குஞ்சாக ஒரு மாட்டில் ஏறினால் அந்த மாட்டிலேயே தோல் கழற்றி, வளர்ந்து, சோடி சேர்ந்து, இரத்தம் குடித்து, கடைசியில் முட்டையிடத்தான் நிலத்தில் விழும். நடுவில் ஆள் மாறாது. காட்டு உண்ணி அப்படியில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புது உடம்பு தேடும். அந்தத் தேட்டத்தில் பற்றைக்குள் விளையாடும் பிள்ளையும் அகப்பட்டுவிடுகிறது. ஆகவே மகளின் காதில் இருந்தது உங்கள் பட்டியில் இருந்து வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விறகுப் பற்றை, குளக்கட்டு, பன்றி போகும் தடம், இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்களே, அது நல்ல காரியம். ஊக்கால், தீக்குச்சியால் கிண்டிச் செவிப்பறையைப் புண்ணாக்கியவர்களைக் கண்டிருக்கிறேன். காதுக்குள் உண்ணி கடித்த பிறகு முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட ஆட்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகளும் உண்டு. அரிதுதான். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனாலும் அப்படி ஏதும் தெரிந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். தோலில் கடித்திருந்தால் வீட்டிலேயே எடுக்கலாம். நுனி கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், மெதுவாக நேரே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்புக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். சூடு பட்ட உண்ணி வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிடக் கூடும்.

இனிக் காய்ச்சல். இதில் பெயரே ஆளைக் குழப்பும். பத்திரிகையிலும் சுகாதாரத் துண்டுப்பிரசுரத்திலும் 'உண்ணிக்காய்ச்சல்' என்று எழுதுவது டைபஸ் காய்ச்சலை. அது ஒரே நோய் இல்லை, ஒரு குடும்பம். அதில் யாழ்ப்பாணத்தில் அதிகம் காணப்படும் பற்றைக்காட்டு டைபஸைக் கொண்டு வருவது உண்ணியே அல்ல. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. கிருமி ஒரியென்ஷியா சுட்சுகமூஷி. உண்மையான உண்ணி கடித்து வருவது புள்ளிக்காய்ச்சல் என்ற இன்னொரு கூட்டம், ரிக்கெட்சியாக் கிருமி. அது இலங்கையில் கண்டிப் பக்கம், மலைநாட்டில்தான் கூடுதலாக ஆராயப்பட்டிருக்கிறது. எலியின் தெள்ளு கொண்டு வருவது மூன்றாவது. மூன்றையும் சேர்த்து 'டைபஸ்' என்று ஒரே பெயரில்தான் ஆஸ்பத்திரிகள் அறிவிக்கின்றன. தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் மட்டக்களப்பு, அம்பாறை, கல்முனை என்று மூன்று வரிகள் தனித்தனியாக இருக்கும். பார்க்க விரும்புபவர் பார்க்கலாம். ஆனால் அந்த வரியில் ஒரு எண் ஏறினால் உண்ணி ஏறியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடித்தது எது என்று அந்த எண் சொல்லாது.

கடி நடந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலையிடி, உடம்பு நோவு வந்தால், அல்லது சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு தோலில் இருந்தால், டொக்டரிடம் "உண்ணி கடித்தது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்தப் பொருக்கு நோகாது. அதனால் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் தலைமுடிக்குள்ளும் தேடிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் டெங்கும் எலிக்காய்ச்சலும் ஒன்றாகத்தான் வருகின்றன. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு முதலில் அந்த இரண்டும்தான் நினைவுக்கு வரும். நேரத்தோடு பிடித்தால் டொக்சிசைக்ளின் போன்ற மலிவான மருந்துக்கே இந்தக் குடும்பம் அடங்கும். உங்கள் மகளுக்குக் கடித்தது போன மாதம், காய்ச்சல் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. மூன்று வாரம் கடந்து பிள்ளை ஓடியாடித் திரிகிறது என்றால், இந்தக் கடியால் காய்ச்சல் வரக்கூடிய காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது.

இணையத்தில் தேடியிருந்தால் லைம் நோய் என்ற ஒன்றைக் கண்டு பயந்திருப்பீர்கள். அது வட அமெரிக்கா, ஐரோப்பாவின் குளிர்க்காட்டு உண்ணிகளின் சங்கதி. எங்கள் பற்றைக்குள் இருப்பவை அந்தச் சாதி இல்லை. அதை மறந்துவிடலாம். கியாசனூர்க் காட்டு நோயை அப்படி முழுதாக மறக்கச் சொல்ல மாட்டேன். 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் குரங்குகள் செத்து விழுந்ததில் தொடங்கியது அது. பிறகு பல வருடம் கழித்து நீலகிரி, வயநாடு வரைக்கும் வந்தது. இலங்கையில் அது இருப்பதாகப் பதிவில்லை. ஆனால் காட்டோரத்தில் குரங்குகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொட வேண்டாம், வனவிலங்குத் திணைக்களத்துக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் அறிவியுங்கள் என்று நான் எப்போதும் சொல்லி வந்ததற்கு அந்த நோய்தான் காரணம்.

சரி, மாட்டுக்கு வருவோம். கொழுத்த பெண் உண்ணி ஒன்று நிலத்தில் விழுந்து 2,000 முதல் 3,000 வரை முட்டையிட்டுவிட்டுச் சாகும். ஈரமும் சூடும் சேர்ந்திருந்தால் மூன்று நான்கு வாரத்தில் பொரிக்கும். கடுகிலும் சின்னக் குஞ்சுகள் புல் நுனியில் கூட்டமாக ஏறிக் காத்திருக்கும். மாடு உரசிப் போனால் ஏறிக்கொள்ளும். பிறகு மாட்டின் மேல் மூன்று வாரம். ஆக, எல்லாம் வாய்த்தால் ஒரு தலைமுறைக்கு இரண்டு மாதம் போதும். எங்கள் வருடத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் கொட்டுகிறது. அந்த ஈரத்தில் பொரித்தவை மாட்டில் கொழுத்துத் தெரிவது தைப்பொங்கல் கழிந்த பிறகு, மாசி பங்குனியில். என் காலத்தில் 'உண்ணிக்கு மருந்து தாங்க டொக்டர்' என்று ஆட்கள் வரிசையில் நின்றதும் அந்த மாதங்களில்தான்.

உண்ணி குடிக்கும் இரத்தத்தை விட அது விட்டுப்போகும் நோய்தான் பெரிய நட்டம். பபேசியா என்ற இரத்த நோய் வந்தால் மூத்திரம் கோப்பி நிறத்தில் போகும், கண்மடல் வெளிறும், காய்ச்சலில் மாடு விழுந்துவிடும். அனாபிளாஸ்மாவும் தைலேரியாவும் அவ்வளவு ஆரவாரம் இல்லாமல் மாட்டை உருக்கும். ஒரு பூச்சியோ உண்ணியோ நோயைக் காவும் என்று உலகத்துக்கு முதல்முதல் உறுதியாகக் காட்டித் தந்தவற்றில் ஒன்று இந்தப் பபேசியாதான். அமெரிக்காவில் தியோபோல்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-ல் அதை எழுதினார்கள். ரொனால்ட் ரோஸ் நுளம்புக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டது அதற்கு நான்கு வருடம் கழித்து, 1897-ல். நுளம்புக்குக் கிடைத்த பெயர் மாட்டு உண்ணிக்குக் கிடைக்கவில்லை என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் குறைப்படுவார்.

இப்போது உங்கள் முதல் கேள்வி, வெயில். காலநிலை மாறியதால் உண்ணி பெருகியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இடங்கள் இருக்கின்றன. கனடாவில் 2009-ல் 144 பேருக்கு லைம் நோய் என்று பதிவானது, 2017-ல் 2,000-ஐத் தாண்டியது. முன்பு குளிரில் செத்துப்போன உண்ணி இப்போது மாரியைத் தாண்டிப் பிழைத்து வடக்கே ஏறுகிறது. அங்கேகூட மான் பெருகியது, பறவைகள் சுமந்து வந்தது, டொக்டர்மார் நோயைத் தேடத் தொடங்கியது எல்லாம் சேர்ந்துதான் அந்த எண். ஆனால் அது குளிர் நாட்டுக் கதை. மாட்டு உண்ணியின் வளர்ச்சி 20 பாகை செல்சியஸுக்குக் கீழே மிகவும் மந்தமாகும். மட்டக்களப்பில் மார்கழி இரவுகூட அந்த அளவுக்கு இறங்குவது அரிது. குளிர் எங்கள் உண்ணிக்கு ஒருநாளும் வேலி போட்டதில்லை. ஆகவே ஒரு பாகை சூடு கூடியதால் வேலி விழுந்துவிட்டது என்று இங்கே பேச இடமில்லை. இலங்கையில் அந்தக் கதை பொருந்தக்கூடிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நுவரெலியாப் பக்கத்து மேட்டுநிலப் பண்ணைகளைக் காட்டுவேன்.

எங்கள் பக்கம் உண்ணிக்கு எமன் வறட்சி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்த தரையில் நடந்து பாருங்கள், புல் நொருங்கும். புல் நுனியில் இருக்கும் குஞ்சு காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் தண்ணீர்க் கணக்கைச் சரிக்கட்டும். ஈரம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அது முடியாது, காய்ந்து செத்துவிடும். வெயிலும் கச்சானும் கடுமையானால் திறந்த வெளியில் உண்ணி குறைய வேண்டும், கூடக் கூடாது. இது உயிரியல், சந்தேகம் இல்லாதது. சந்தேகம் மழையில் தொடங்குகிறது. மழை முந்திப் பிந்தி வருவது, விட்டு விட்டுக் கொட்டுவது, கோடைக்குள் திடீரென்று இரண்டு வாரம் பெய்வது, இவை ஒரு மேலதிகத் தலைமுறைக்கு வழி திறந்துவிடலாம். வெள்ளம் உண்ணியைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று நினைப்பவர்களும் உண்டு. சில நாள் தண்ணீருக்குள் கிடந்த முட்டையும் பொரிக்கும். அதோடு, 2011 தை மாத வெள்ளம் போல ஒன்று வந்தால் மாடுகள் எல்லாம் ஒரு மேட்டில் நெருங்கி நிற்கும். நாலைந்து பட்டி மாடுகள் ஒரே திட்டில் இரண்டு வாரம் நின்றால் தண்ணீர் வற்றும்போது உண்ணி எல்லாப் பட்டிக்கும் பொதுச்சொத்தாகிவிடும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இன்னொன்று. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பபேசியா கன்றுகளைக் கொல்வது குறைவு. பிறந்து ஒன்பது மாதத்துக்குள் உண்ணி கடித்து இலேசாக நோய் கண்டு தப்பிய கன்று, வளர்ந்த பிறகு அந்த நோய்க்குத் தாக்குப்பிடிக்கும். எங்கள் நாட்டு மாடுகள் உண்ணியோடே காலம் தள்ளுவது இப்படித்தான். கொஞ்சம் உண்ணி எப்போதும் இருப்பதால் கன்றுகள் எல்லாம் சின்ன வயதிலேயே பழகிவிடுகின்றன. இப்போது ஒரு வருடம் கடும் வறட்சி, உண்ணி மிகவும் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடத்துக் கன்றுகள் நோயைக் காணாமலே நாம்பனும் நாகுமாக வளர்கின்றன. அடுத்த வருடம் மழை கொட்டி உண்ணி திரும்பி வருகிறது. முதல் தடவையாகக் கடிபடுவது வளர்ந்த மாடு. அப்போதுதான் சிவப்பு மூத்திரமும் சாவும். ஆகக் கூடின உண்ணியை விட, ஒரு வருடம் இல்லாமல் போய் மறு வருடம் குவியும் உண்ணி ஆபத்தானது. காலநிலை மாற்றம் என்றால் சூடு ஏறுவது என்று மட்டும் நினைக்கிறோம். வருடத்துக்கு வருடம் உள்ள ஏற்ற இறக்கம் பெரிதாவதும் அதில் அடக்கம். மற்ற நாடுகளில் இந்தப் பொறிமுறை நன்றாகத் தெரிந்தது. எங்கள் மாவட்டத்தில் இதுதான் நடக்கிறது என்று நான் சொன்னால் அது ஊகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் 'அப்பா காலத்தில் இல்லை' என்றீர்கள். அப்பா காலத்துக்கும் உங்கள் காலத்துக்கும் நடுவில் மாறியது வெயில் மட்டுமா? அப்பா வைத்திருந்தது நாட்டு மாடு. நீங்கள் வைத்திருப்பதில் பாதியாவது ஜேர்சிக் கலப்பாக இருக்கும். திமில் உள்ள மாட்டின் தோல் உண்ணியை உதறும், ஐரோப்பியக் கலப்பு கூடக் கூட உண்ணி கூடும். இது உலகம் முழுதும் கண்ட உண்மை. அடுத்தது மேய்ச்சல். பெரும்போகம் விதைத்தால் மாடுகள் மேற்கே காட்டோரத் தரைகளுக்குப் போகும், அறுவடை முடிந்தால் வயலுக்குத் திரும்பும். தண்ணீர் கட்டிய வயலில் உண்ணிக் குஞ்சு மிஞ்சாது. திரும்பி வரும்போது துப்பரவான தாள் வயல் காத்திருக்கும். விட்டுவிட்டுப் போன தரையிலும் மாடு கிடைக்காமல் குஞ்சுகள் கச்சானில் காய்ந்து சாகும். யாரும் திட்டமிடாமலே நடந்த உண்ணிக் கட்டுப்பாடு அது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் வீதியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். தெற்கே வட்டமடுவிலும் மேய்ச்சலா வயலா என்ற இழுபறி வருடக்கணக்கானது. தரை சுருங்கினால் மாடு ஒரே இடத்தில் நிற்கும். ஒரே பட்டியில் வருடம் முழுதும் கட்டினால் விழும் உண்ணியும் ஏறும் குஞ்சும் அதே முப்பது மாட்டுக்குத்தான்.

மூன்றாவது மாற்றம், மருந்து. அமிட்ராஸ், புளுமெத்ரின் போன்ற உண்ணி மருந்துகளை அளவு குறைத்து, அவசரத்துக்கு அவசரம் அடித்து வந்தால் தப்பிப் பிழைப்பது மருந்துக்கு அசையாத உண்ணி. அதன் முட்டைதான் அடுத்த தலைமுறை. முதுகில் மட்டும் தெளித்துவிட்டுக் காதுக்குள்ளும் மடிக்கிடையிலும் வாலடியிலும் விடுபவர்கள் அநேகம். உண்ணி அங்கேதான் ஒளிந்திருக்கும். நெல்லுக்கு அடிக்கும் மருந்தை மாட்டுக்கு அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சித்திரை மாதம் விடியற்காலையில் அப்படி ஒரு பட்டிக்கு என்னை அழைத்தார்கள். நான் போய்ச் சேர முன் நான்கு கன்றுகள் வாயில் நுரை தள்ளிக் கிடந்தன. அந்த நஞ்சை முறிக்கும் அத்துரோபின் ஊசி கையில் இருந்தது இரண்டுக்குத்தான் போதும். எந்த இரண்டுக்கு என்று நான் யோசித்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. வீட்டுக்காரர் உண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆக, உங்கள் பட்டியில் உண்ணி கூடியதற்கு நான் போடும் வரிசை: தரை சுருங்கியது, மாட்டின் சாதி மாறியது, மருந்து வலு இழந்தது, மழையின் குணம் மாறியது. வெயில் எனக்கு அதற்கும் பின்னால்தான். இந்த வரிசை என் கண்ணில் கண்டதையும் வேறு நாடுகளில் நிறுவியதையும் வைத்துப் போட்டது. மற்றொரு வைத்தியர் மழையை முதலில் வைத்தால் அவரோடு சண்டை பிடிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. காலநிலை மாட்டைக் கொல்ல உண்ணி வேண்டும் என்றும் இல்லை. 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடு ஆடுகள் சில நாளில் விறைத்துச் செத்தன. மெலிந்து, ஒதுங்க இடமில்லாமல் வெளியில் நின்ற மாடுகளுக்குத்தான் அதிக சேதம். உண்ணியும் குடற்புழுவும் மெலிய வைத்தவையும் அவற்றுக்குள் இருந்திருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் உண்டு. எண்ணிப் பார்த்தவர் எவரையும் நான் அறியேன்.

உங்கள் கடைசிக் கேள்வியும் இதுதானே. யாராவது கணக்கெடுக்கிறார்களா? நோயை எடுக்கிறோம், உண்ணியை எடுப்பதில்லை. சிவப்பு மூத்திர மாடு வந்தால் காது நுனியில் இரத்தம் எடுத்து ஸ்லைட் பார்த்து அறிக்கையில் எழுதுவோம். பேராதனை மிருக வைத்திய பீடத்தாரும் மற்றவர்களும் எந்த மிருகத்தில் எந்த உண்ணி என்று நல்ல ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரே இடத்தில், ஒரே முறையில், மாதத்துக்கு மாதம், பத்துப் பதினைந்து வருடம் எண்ணிய ஏடு ஒன்று எங்கள் மாவட்டத்துக்கு இருந்தால் நான் கண்டிருப்பேன். என் சேவைக்காலத்தில் நானும் அதைச் செய்யவில்லை. தடுப்பூசி, சினைப்படுத்தல், காணை நோய் என்று ஓடியதில் உண்ணி எப்போதும் நாளைக்கு என்றே இருந்தது. அதனால்தான் மேலே 'ஊகம்' என்றும் 'ஆதாரம் இல்லை' என்றும் எழுத வேண்டியதாயிற்று. எண்ணித் தொடர்ந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அமெரிக்கா ஒரு உதாரணம். 1906-ல் மாட்டு உண்ணியை ஒழிக்கத் தொடங்கி, 1943 அளவில் மெக்சிக்கோ எல்லையில் ஒரு ஒடுக்கமான பட்டையைத் தவிர மற்ற இடமெல்லாம் துடைத்துவிட்டார்கள். அந்தப் பட்டையில் இன்றைக்கும் குதிரையில் ஆட்கள் ரோந்து போய், தாண்டி வரும் மாட்டைப் பிடித்துத் தடவிப் பார்க்கிறார்கள். எங்களுக்கு ஒழிப்பது தேவையில்லை, முடியவும் முடியாது. காட்டு மிருகமும் எருமையும் அயலாரின் மாடும் வேலி இல்லாமல் கலந்து திரியும் நாடு இது.

ஆனால் எண்ணலாம், ஒரு கொப்பி இருந்தால் போதும். உங்கள் முப்பதில் ஐந்து மாட்டைத் தெரிந்தெடுங்கள். இரண்டு நாட்டு மாடு, இரண்டு கலப்பு, ஒரு கன்று. மாதத்தில் ஒரே திகதியில், விடியற்காலை, பட்டி திறக்க முன் எண்ணுங்கள். கொழுத்த உண்ணிகள் இரவோடு முற்றிக் காலையில்தான் விழும், பொழுது ஏறினால் கணக்குத் தவறிவிடும். மாட்டின் ஒரு பக்கத்தை மட்டும், எப்போதும் அதே பக்கத்தை, காதில் இருந்து வாலடி வரைக்கும் கையால் தடவி, அரை சென்ரிமீற்றர் அளவுக்கு ஊதியவற்றை மட்டும் எண்ண வேண்டும். சின்னதை எண்ணப் போனால் மண்டை குழம்பும். பக்கத்தில் மூன்று விஷயம் குறியுங்கள்: மழை பெய்த நாட்கள், மருந்து அடித்த திகதி, மாடு எந்தத் தரையில் நின்றது. தரையைப் பார்க்க ஒரு மீற்றர் சதுர வெள்ளை ஃபிளானல் துணியைக் கம்பில் கட்டி, பனி காய்ந்த காலையில் புல் மேல் இழுத்துப் போய் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஏறியிருக்கும் குஞ்சுகள் மிளகுத்தூள் தூவியது போல் தெரியும். இரண்டு மூன்று பண்ணையாளர் சேர்ந்து ஒரே திகதியில் செய்தால் இன்னும் நல்லது. இரண்டு பெரும்போகம் தாண்டிய ஒரு கொப்பியைக் கொண்டுபோய் உங்கள் பிரதேச மிருக வைத்தியரிடமோ வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்து விவசாய பீடத்திலோ காட்டினால் அவர்களுக்கு அது கிடைக்காத பொருள்.

மருந்தைப் பற்றி இரண்டு வரி. எண்ணிக்கை ஏறத் தொடங்கும் மாதம் தெரிந்துவிட்டால் வருடம் முழுதும் அடிக்கத் தேவையில்லை. அந்த ஏற்றத்துக்கு முன்னால், லேபிளில் உள்ள அளவில், உடம்பு முழுவதும் நனைய அடித்தால் பாதி மருந்து மிஞ்சும். கன்றுகளில் உண்ணியை ஒன்றும் இல்லாமல் துடைத்துவிடாதீர்கள், மேலே சொன்ன காரணத்தால். பால் கறக்கும் மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசி வேண்டாம், பாலில் இறங்கும்.

அந்தச் சின்னப் போத்தலை எறிந்துவிடாதீர்கள். இப்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெறுமனே இருந்தால் உண்ணி காய்ந்து கால்கள் உதிரத் தொடங்கியிருக்கும், தண்ணீர் என்றால் அழுகும். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி உண்ணி மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். கடித்த திகதி, ஊர், காது, பிள்ளையின் வயது, அதற்கு முந்திய நாட்களில் எங்கே போய் விளையாடினாள் என்பதை ஒரு சின்னக் கடதாசித் துண்டில் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயே போட்டு மூடுங்கள். பேனையால் எழுத வேண்டாம், ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள்.